நிறுக்கத் தெரியணும், நிறுத்துக் கேட்கவும் தெரியணும்

ரெண்டு மாசமா எதுவும் எழுதல. அறுப்பு, தூத்துறது, காய வைக்கிறது, விக்கிறதுன்னு ஓடிடுச்சு. வித்த கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தத் தடவ 60 மூட்டை நெல்லு. 40 கிலோ மூட்டை. எங்க வித்தேன்னு எழுதப் போறதில்ல. எழுதினா அங்க இருக்கிற நாலு நல்ல மனுஷனுக்கும் கெட்ட பேரு, நாளைக்கு நானும் அங்கதான் போகணும். எலக்ட்ரானிக் தராசு. அதுல நம்பர் தெரியிற பக்கம் எழுதுறவரப் பாத்து இருக்கு. நான் எதிர்ப்பக்கம் மூட்டைகிட்ட நிக்கிறேன். சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயி எட்டிப் பாத்தா 42 காட்டுது. ஒரு மூட்டை இல்ல, வர்ற மூட்டையெல்லாம் 42க்கு வந்தாத்தான் எறக்குறாங்க. கொறஞ்சா ஒரு மொறம் அள்ளிக் கொட்டுறாங்க.

"தம்பி, சாக்கு எடை போக 40தான?"ன்னு கேட்டேன்.

"ஆமாம் பெரியவரே. காய்ச்சல் போகும், சிந்தும், சேதாரம் இருக்குல்ல. எல்லாரும் குடுக்குறதுதான்" அப்படின்னாரு.

"அந்த டிஸ்பிளேய கொஞ்சம் இப்படித் திருப்பி வையேன்."

அவரு திருப்பல. பக்கத்துல இருந்தவரு சிரிச்சாரு. எனக்குப் பின்னாடி டிராக்டர்ல காத்துக்கிட்டு இருந்த நம்ம ஊர்க்காரர் ஒருத்தரே, "மாமா, வானம் இருட்டிக்கிட்டு வருது, சீக்கிரம் விடு"ன்னாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. அவரு நெல்லு நனைஞ்சா அவருக்கு யாரு குடுப்பா? நானும் வாய மூடிக்கிட்டேன்.

சாக்குக்கு 600 கிராம்னு தாராளமாவே வெச்சுக்குங்க. மூட்டைக்கு 1 கிலோ 400 கிராம் கூடுதல். 60 மூட்டைக்கு 84 கிலோ. முழுசா ரெண்டு மூட்டை. கிலோ 24 ரூபான்னா 2,016 ரூபா. ரெண்டாயிரம் ரூபாயில நான் அழிஞ்சு போயிட மாட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பணத்துக்காக இல்ல. என் நெல்லு எவ்வளவுன்னு என் கண்ணால பாக்க எனக்கு ஒருத்தர் அனுமதி குடுக்கணுமா? அந்தக் கேள்விதான் உறுத்துச்சு.

மறுநாள் நம்ம மங்கலம்பேட்டையில ஓய்வு பெற்ற தமிழ் ஐயா ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட போயி புலம்பினேன். அவரு ஆறுதல் சொல்லல. "நீ எடை போட்டியா, நிறுத்தியா?"ன்னு கேட்டாரு. ரெண்டும் ஒண்ணுதானே ஐயான்னேன். உக்காருன்னாரு. ரெண்டு மணி நேரம் போச்சு. அவரு சொன்னதும், பொறவு நான் யோசிச்சதும் சேத்துத்தான் இது.

எங்க அப்பாயி "எடை"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. "நிறுத்து வாங்கிட்டு வா"ன்னுதான் சொல்லும். புளி நிறுத்து வாங்கணும், வெல்லம் நிறுத்து வாங்கணும். நெல்ல மட்டும் நிறுக்க மாட்டாங்க, அளப்பாங்க. இந்த ரெண்டும் வேறன்னு தொல்காப்பியத்துலயே பிரிச்சு வெச்சிருக்காம். அளவுப் பேரும் நிறைப் பேரும் எந்தெந்த எழுத்துல ஆரம்பிக்கும்னு ஒரு சூத்திரமே இருக்கு, மொத்தம் ஒன்பது எழுத்து. உரை எழுதுனவங்க அதுக்கு உதாரணம் குடுக்கும்போது கலம், நாழி, உழக்குன்னு அளவுக்கும், கழஞ்சு, பலம், தொடின்னு நிறைக்கும் அடுக்குறாங்க. இலக்கணம் எழுதுற ஆளு, எழுத்து புணர்றதச் சொல்ல வர்ற எடத்துல எதுக்குப் படியையும் தராசையும் இழுக்கணும்? கடைத்தெருவுல தினம் பொழங்குற சொல்லு, அதான்.

நிறைன்னா எடை. நிறைன்னா முழுசா இருக்கிறதும்தான். கல்யாணத்துல விளக்குப் பக்கத்துல நாழி நெறைய நெல்லு வெச்சு நிறைநாழிங்குறோம். இன்னொரு அர்த்தமும் இருக்குன்னாரு ஐயா. மனச ஒரு கட்டுல நிறுத்தி வெச்சிருக்கிறதுக்கும் நிறைன்னு பேரு. திருக்குறள்ல 126வது அதிகாரம் நிறையழிதல். அந்தக் கட்டு ஒடையிறதுதான் அங்க விஷயம். ஒரே சொல்லு தராசுலயும் இருக்கு, குடத்துலயும் இருக்கு, மனசுலயும் இருக்கு.

நான் பத்தாவதோட நின்னவன், சொல்லாராய்ச்சி பண்ற தகுதி எனக்குக் கெடயாது. ஆனா பழைய தட்டுத் தராசப் பாத்து வளந்தவன். கல்ல ஒரு தட்டுல, சாமானத்த ஒரு தட்டுல வெச்சுத் தூக்கினா முள்ளு இப்படியும் அப்படியும் ஆடும். ஆடி அடங்கி நிக்கிற வரைக்கும் கடக்காரரு கையையும் முள்ளையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருக்கணும். நிறுக்கிறதுன்னா ஆடுறத நிக்க வெக்கிறதுதான்னு எனக்குத் தோணும். நின்னாத்தான் நிறை. தப்பா இருந்தா தமிழ் படிச்சவங்க திருத்துங்க.

"தூக்கு"ங்குற சொல்லப் பாருங்க. மூட்டையத் தூக்குறோம். தூக்குச் சட்டியில கஞ்சி கொண்டு போறோம். தராசத் தூக்கிப் பிடிச்சு நிறுத்ததால நிறுக்கிறதுக்கே தூக்குன்னு பேரு வந்துடுச்சு. ஒரு எடையோட பேராவும் இருந்திருக்கு. தொல்காப்பியத்துல செய்யுளுக்கு 34 உறுப்பு சொல்றாங்களே, அதுலயும் தூக்குன்னு ஒண்ணு உண்டாம். பாட்டுக்கும் எடை பாத்தவங்க நம்ம ஆளுங்க. இன்னைக்கும் "சீர்தூக்கிப் பாரு"ன்னு பஞ்சாயத்துல பெரியவங்க சொல்றதும் தராசுப் பேச்சுதான். வள்ளுவரு நடுவு நிலைமைக்கு உவமை தேடும்போது தராசுக் கோலத்தான் எடுத்தாரு. அந்த அதிகாரத்தக் கடைசியில கொண்டு போயி யாருகிட்ட முடிக்கிறாருன்னு பாருங்க, யாவாரிகிட்ட. அடுத்தவன் பொருளையும் தன் பொருள் மாதிரி நெனச்சு யாவாரம் பண்ணணுங்குறாரு.

பட்டினப்பாலையிலயும் இது வருது. காவிரிப்பூம்பட்டினத்து யாவாரிங்க வாங்கும்போது கூட வாங்க மாட்டாங்க, குடுக்கும்போது கொறச்சுக் குடுக்க மாட்டாங்கன்னு உருத்திரங்கண்ணனாரு பாடியிருக்காரு. அவங்க மனச எதோட ஒப்பிடுறாருன்னு ஐயா சொன்னப்ப எனக்குச் சிலிர்த்துடுச்சு. நுகத்தடியில நடுவுல அடிச்சிருக்குமே ஆணி, அதோட. ஏரு ஓட்டுனவனுக்குத்தான் அது புரியும். அந்த ஆணி நடு விட்டு ஒரு விரக்கட தள்ளிப் போனா ஒரு மாட்டுக்குப் பாரம் கூடிடும், சாயந்தரத்துக்குள்ள அதுக்குக் கழுத்துல புண்ணு வந்துடும். இப்ப நுகத்தடியே யார் வீட்லயும் இல்ல. எங்க வீட்டு நுகத்தடி கொட்டாய்க்குக் கைமரமா நிக்குது.

எல்லா யாவாரியும் அப்ப யோக்கியமா இருந்தாங்கன்னு நான் நம்பல. யோக்கியமா இருந்திருந்தா எதுக்கு அத்தன கல்லுக்குப் பேரு வெக்கணும்? தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் குடுத்த பொன்னு இவ்வளவு நிறைன்னு எழுதும்போது வெறும் கழஞ்சுன்னு நிறுத்தல. ஆடவல்லான்கிற கல்லால நிறுத்ததுன்னு எழுதியிருக்கு. நெல்லு அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான்னுதான் பேரு. நகைய நிறுக்க தட்சிணமேருவிடங்கன்னு இன்னொரு கல்லு. ஆடவல்லான்னா நம்ம சிதம்பரத்துல ஆடுறவரு. சாமி பேர எடைக்கல்லுக்கு வெச்சுட்டா அதுல கைவெக்க ஒருத்தன் யோசிப்பான்ல. அதுக்கும் முந்தி பல்லவர் காலத்துக் கல்வெட்டுல "ஊர்க்கல்"லுன்னு வருதாம். பொன்னு தரமா, நிறை சரியான்னு ஊருக்குப் பொதுவான கல்ல வெச்சுப் பாத்துக்கிறது. யாவாரி கல்லும் இல்ல, குடியானவன் கல்லும் இல்ல. ஊரோட கல்லு. இந்த ஒரு சொல்லத்தான் நான் அன்னைக்கு வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன்.

அந்தக் கழஞ்சுக்கெல்லாம் அடி எதுன்னா நம்ம வேலியில கெடக்கிற குன்றிமணி. ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னு நிறுக்க ராஜாவுக்குக்கூட வேலியோர வெதைதான் தேவப்பட்டிருக்கு.

தங்கச்சி மகன் ஸ்காட்லாந்துல வேல பாக்குறான். ராத்திரி போன்ல பேசும்போது இந்தக் கதையச் சொன்னேன். "மாமா, இங்க கிளாஸ்கோவுல ட்ரான்கேட்டுன்னு ஒரு தெரு இருக்கு, தினமும் அது வழியாத்தான் போறேன்"னான். ட்ரான்னா அந்த ஊரு பழைய பாஷையில ஊர்ப் பொதுத் தராசாம். சந்தை கூடுற எடத்துல நட்டு வெச்சிருப்பாங்க. சரக்கு கொண்டு வந்தா அங்கதான் நிறுக்கணும். எடின்பரோவுல தராசு இருந்த எடத்துப் பக்கத்துல கட்டுன சர்ச்சுக்கே ட்ரான் கிர்க்குன்னு பேரு. 1707ல இங்கிலாந்தோட சேந்தப்ப இங்கிலாந்து எடைதான் இனிமே எல்லாருக்கும்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டாங்களாம். அப்படியும் ஜனங்க ரொம்ப நாளைக்கு ட்ரான் எடையிலதான் வாங்கி வித்துக்கிட்டு இருந்தாங்களாம். தராசு போயிடுச்சு, தெருவுக்குப் பேரு மட்டும் நிக்குது. எங்கயோ ஒரு குளிர் தேசத்துலயும் நம்மள மாதிரி ஒருத்தன் ஆட்டு மயிரக் கொண்டு வந்து தராசு முள்ளப் பாத்துக்கிட்டு நின்னிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்.

ஜனங்க பழைய எடைய விடாததுல ஆச்சரியமில்ல. இங்க 1956ல சட்டம் போட்டு, 1958 அக்டோபர்லேர்ந்து கிலோவக் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வந்தாங்க. நான் பொறக்கிறதுக்கு முந்தியே எல்லாம் கிலோ ஆயிடுச்சு. ஆனா எங்க அப்பாயி சாகுற வரைக்கும் வீசைதான். ஒரு வீசைன்னா 40 பலம், கிட்டத்தட்ட 1 கிலோ 400 கிராம். 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். கடையில ஒன்றரக் கிலோ புளி வாங்கிட்டு வந்து குடுத்தா கையில தூக்கிப் பாத்துட்டு "வீசைக்குக் கொஞ்சம் மேல இருக்கு"ன்னும். சரியா இருக்கும். பர்மாவுல இன்னமும் காய்கறி, கறியெல்லாம் வீசைக் கணக்குலதான் விக்கிறாங்களாம், ஆனா அவங்க வீசை கொஞ்சம் பெருசு, 1 கிலோ 600க்கு மேல வரும். இங்கிலீஷ்காரன் அதுக்கு எழுதுன பேரு நம்ம வீசைலேர்ந்து போனதுதான். கவனிச்சீங்களா, என்கிட்ட மூட்டைக்கு எடுத்தது சரியா ஒரு வீசை! அப்பாயி இருந்திருந்தா மூட்டைக்கு ஒரு வீசை தெண்டமாடான்னு கேட்டிருக்கும்.

கிலோ வந்ததுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. ஊருக்கு ஒரு மரக்கால், தாலுகாவுக்கு ஒரு படின்னு இருந்த குழப்பம் ஒழிஞ்சுது, நல்லதுதான். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம்னு வாய்ப்பாடு ஒண்ணுதான், ஆனா படி எவ்வளவு பெருசுங்குறதுதான் ஊருக்கு ஊரு வேற. இன்னைக்கும் மூட்டைன்னா எதுன்னு கேட்டாத்தான் தெரியும். நம்ம விருத்தாசலம் பக்கம் கமிட்டியில நெல்லு மூட்டை 75 கிலோ, மல்லாட்டைன்னா 80 கிலோ. வேற எடத்துல நெல்லுக்கே 40 கிலோ.

அளக்கிறதுக்கும் நிறுக்கிறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அது கிலோவோட சேந்து வந்துச்சு. மரக்கால்ல அளந்தா நெல்லு ஈரமா காய்ஞ்சதான்னு பெருசா ஏமாத்த முடியாது. அங்க திருட்டு வேற வழியில. தளரக் கொட்டுறதா, குலுக்கிக் கொட்டுறதா, கோபுரமா குமிக்கிறதா, தலை தட்டுறதா. நிறுக்கும்போது ஈரம்தான் காசு. அதனாலதான் 17 சதம் ஈரம்னு கணக்கு வெச்சு மிஷின விட்டுப் பாக்குறாங்க. அது நியாயந்தான். ஆனா ஈரத்துக்கு மிஷின் வெச்சுப் பாத்து 16ன்னு வந்த பொறவும், "காய்ச்சல் போகும்"னு மூட்டைக்கு ஒரு கிலோ சேத்து எடுத்தா, ஒரே காரணத்துக்கு ரெண்டு தடவ பிடிக்கிறதுதான அது? அன்னைக்கு இத நான் கேட்டிருக்கணும். கேள்வி எப்பவும் வீட்டுக்கு வந்து கைகால் கழுவுன பொறவுதான் வருது.

தட்டுத் தராசுலயும் தில்லுமுல்லு உண்டு. தட்டுக்கு அடியில புளிய ஒட்டி வெப்பாங்க. கயிறு ஒரு பக்கம் கட்டையா இருக்கும். சுண்டு விரலால தட்ட அமுக்குவாங்க. வெள்ளிக்கோல்னு ஒண்ணு இருக்கும், ஒரே ஒரு தட்டு, நீளக் கோல், கோல்ல வெட்டு வெட்டா அடையாளம், நடுவுல கயித்த நகத்தி நகத்திப் பிடிச்சு நிறுப்பாங்க. வீட்டு வாசல்ல புளி, முந்திரி வாங்க வர்றவங்க தோள்ல மாட்டிக்கிட்டு வருவாங்க. அதுல அவங்க சொல்றதுதான் கணக்கு. அதனால பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்ல வரல. ஆனா தட்டுத் தராசுல சந்தேகம் வந்தா ஒரு வழி இருந்துச்சு. "கல்ல அந்தத் தட்டுல போடு, சாமானத்த இந்தத் தட்டுல போடு"ன்னு சொல்லலாம். மாத்திப் போட்டா வண்டவாளம் தெரிஞ்சுடும். எழுதப் படிக்கத் தெரியாத கெழவிகூட அதச் சொல்லும். எலக்ட்ரானிக் தராசுல எத மாத்திப் போடுறது? ஒரே தட்டு. உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்கும் மெக்கானிக்குக்கும்தான் தெரியும். அதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ முத்திரை போடணும்னு சட்டம் இருக்கு. 2009ல போட்ட சட்டம், 2011லேர்ந்து நடப்புல இருக்கு. நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறைதான் அதப் பாக்குது. முத்திரை இருக்கான்னு எத்தன பேரு குனிஞ்சு பாத்திருக்கோம்? நான் பாத்ததே இல்ல.

இதுவரைக்கும் எழுதி வெச்சுட்டு, நல்லா எழுதிட்டோம்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பொறவுதான் பரண்ல ஏறினேன்.

ஊர்க்கல்லு, மரக்கால்னு பேசிக்கிட்டு இருந்தோமே, எங்க வீட்டு மரக்கால போட்டோ எடுத்து இதுல போடலாம்னு ஏறினேன். ஒண்ணு இருக்கும்னு ஏறினா ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் மரம், இரும்புப் பட்டை போட்டது. பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் பெருசா வித்தியாசம் தெரியல. ஒண்ணுல மட்டும் அடிப்பலகை கொஞ்சம் ஒசரத்துல இருக்கு. நெல்லக் கொட்டித் தலை தட்டி நிறுத்துப் பாத்தேன். ஒண்ணு 4 கிலோ 100. இன்னொண்ணு 3 கிலோ 650.

ரெண்டு மரக்கால் எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா பொய்யி. சின்னப் புள்ளையில களத்துல நான் நின்னிருக்கேன். அறுப்பறுத்தவங்க வரிசையா நிப்பாங்க. அப்பாயி மொத மரக்கால "லாபம்"னு சொல்லி ஆரம்பிக்கும், அடுத்தது ரெண்டு. ஆளுக்கு ரெண்டு மரக்கால் கூலி. முந்தானைய விரிச்சுப் பிடிச்சு வாங்கிட்டுப் போவாங்க. குத்தகை நெல்லு வரும்போது வீட்டுக்குள்ள இருந்து வேற மரக்கால எடுத்துட்டு வரச் சொல்லும். "பெருச எடுத்தாடா"ன்னு சொல்லாது. "உள்ள இருக்கிறத எடுத்தா"ன்னுதான் சொல்லும். எடுத்துக் குடுத்தவன் நான்.

மரக்காலுக்கு 450 கிராம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 900 கிராம். 20 ஆளு, 10 நாளு அறுப்புன்னு வெச்சா 180 கிலோ. ஒரு பட்டத்துக்கு. என்கிட்ட எடுத்தது 84 கிலோ, அதுக்கு எனக்குத் தூக்கம் வரல. அவங்ககிட்ட "மரக்கால இப்படித் திருப்பு"ன்னு கேக்குற வாயி யாருக்கும் இருந்திருக்காது. கேட்டா அடுத்த நாள் வேல இல்ல. அவங்களுக்கும் பின்னாடி ஒருத்தர் "சீக்கிரம் வாங்கிட்டு வா"ன்னு சொல்லியிருப்பாரு.

இத எழுதலாமா வேண்டாமான்னு நாலு நாள் யோசிச்சேன். வீட்ல அம்மா "செத்தவங்கள எதுக்கு இழுக்குற"ன்னாங்க. எனக்கு அப்பாயின்னா உசுரு. எனக்குச் சோறு ஊட்டுன கை அது. அதே கைதான் அந்த மரக்காலப் பிடிச்சதும்.

அப்ப எங்க களத்துல அறுத்தவங்கள்ல ஒரு அம்மா இன்னும் இருக்காங்க. எண்பது வயசு இருக்கும். வீட்டு வாசல்ல உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. போயி பக்கத்துல உக்காந்து ரெண்டு மரக்கால் கதையச் சொன்னேன். அவங்க இடிக்கிறத நிறுத்தல. "அடிப்பலகை ஒசத்தி வெச்சது ஆசாரி எங்க தெருவழியாத்தான போனான். எங்களுக்குத் தெரியாதாய்யா?"ன்னாங்க. தெரிஞ்சுமா வாங்குனீங்கன்னேன். "வேற எங்க போறது?"ன்னாங்க. பொறவு என் மகளுக்கு எப்ப கல்யாணம்னு கேட்டாங்க.

சரி, இப்ப நான் சொல்ல வர்றது.

நம்ம விருத்தாசலத்துக் கதை ஒண்ணு எல்லாருக்கும் தெரியும். சுந்தரருக்குப் பழமலைநாதர் 12,000 பொன்னு குடுத்தாரு. அத மணிமுத்தாத்துல போட்டுட்டு திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்துக்கச் சொன்னாரு. ஆத்துல போட்டுக் குளத்துல தேடுறதுன்னு சொல்றோமே, அது இதான். நாம சொல்லாம விடுற ஒரு துண்டு அதுல இருக்கு. சுந்தரர் பொன்ன ஆத்துல போடுறதுக்கு முந்தி ஒரு துண்டு மச்சம் வெட்டி எடுத்து வெச்சுக்கிட்டாரு. அங்க போயி எடுக்கும்போது அதே தரமான்னு ஒரசிப் பாக்குறதுக்கு. ஒரசிப் பாத்தா மாத்து கொறஞ்சிருந்துச்சு, சாமிகிட்டயே மறுபடி பாடித்தான் சரி பண்ணிக்கிட்டாரு. குடுத்தது சாமி, வாங்குனது சாமிக்குத் தோழன். அவங்களுக்குள்ளயே மச்சம் எடுத்து வெச்சு சரி பாத்திருக்காங்க. சரி பாக்கிறது சந்தேகப்படுறது ஆகாது. "என்ன பெரியவரே, எங்க மேல நம்பிக்கை இல்லயா"ன்னு கேக்குறவங்களுக்கு இதத்தான் சொல்லணும்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. வாங்குற எடம் எதுவா இருந்தாலும், தராசுல நம்பர் ரெண்டு பக்கமும் தெரியணும். இப்ப ரெண்டு டிஸ்பிளே வெச்ச தராசு மளிகைக் கடையிலயே இருக்கு. மொத மூட்டை ஏத்துறதுக்கு முந்தி முத்திரை போட்ட 20 கிலோ கல்லு ஒண்ண அதுல வெச்சுக் காட்டணும். சாக்கு எடைய தனியா நிறுத்து எழுதணும். அவ்வளவுதான். அத அவங்க செய்ய மாட்டாங்கன்னா, ஊருக்கு ஊரு நாமளே ஒரு தராசும் கல்லும் வெச்சுக்குவோம். வீட்லேர்ந்து கிளம்பும்போதே நிறுத்து மூட்டை மேல எழுதிட்டுப் போவோம். பத்துப் பேரு சேந்தா ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல ஆகாது. மூட்டைக்கு 1 கிலோ 400 போகுதேன்னு ஆளாளுக்கு டீக்கடையில பேசுறத விட இது சல்லிசு. கல்லு யார் வீட்லயும் இருக்கக் கூடாது, பொதுவா ஒரு எடத்துல இருக்கணும். அதே கல்லுதான் நாம கூலிக்கு நெல்லு குடுக்கும்போதும் வரணும். மல்லாட்டை பறிக்கிறவங்களுக்குப் பங்கு நிறுக்கும்போதும் வரணும். இந்தக் கடைசி விஷயத்தச் சொன்னதும் எங்க தெருவுல ரெண்டு பேரு "அதெல்லாம் எதுக்கு இப்ப"ன்னு நழுவிட்டாங்க. அதுவும் எதிர்பார்த்ததுதான்.

இதுவரைக்கும் ஆறு பேரு சேந்திருக்கோம். விருத்தாசலத்துல இரும்புக் கல்லு சொல்லியாச்சு, முத்திரையோட வரும். எங்க வைக்கிறதுன்னு இன்னும் முடிவாகல. மாரியம்மன் கோயில் மண்டபம்னு ஒருத்தர் சொல்றாரு, பால் சொசைட்டி திண்ணைன்னு இன்னொருத்தர் சொல்றாரு. கோயில்னா எல்லாரும் உள்ள வந்து எடுக்க முடியுமான்னு எனக்கு யோசனையா இருக்கு, அதனால நான் பால் சொசைட்டி பக்கம். உங்க ஊர்ல இப்படி யாராவது வெச்சு நடத்துறீங்கன்னா எப்படின்னு எழுதுங்க.

சின்ன மரக்கால அந்த அம்மாகிட்ட கொண்டு போயி, அடுப்பு எரிக்க வெச்சுக்குங்கன்னு குடுத்தேன். வாங்கிக்கல. "நல்ல மரம்யா, எதுக்கு எரிக்கிற, அடிப்பலகைய எறக்கச் சொல்லு"ன்னாங்க. ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்.